பார்க்கின்சன் நோய் எந்த வயதில் தொடங்குகிறது?

“எப்போதிலிருந்து கை நடுங்குது?” என்று நரம்பியல் மருத்துவர் கேட்பார். “ஆறேழு மாசமா” என்பார் நோயாளி. கூட வந்த மனைவி சும்மா இருக்க மாட்டார். “இல்லை டாக்டர், போன வருஷத்திலிருந்தே இவர் நடக்கும்போது வலது கையை வீசுறதில்லை. கையெழுத்தும் பொடிசாயிடுச்சு” என்பார். மருத்துவர் இன்னும் கொஞ்சம் துருவினால் வேறு கதைகள் வரும். மோப்பம் குறைந்து பல வருடம் ஆகிவிட்டது. மலச்சிக்கல் அதற்கும் முன்பிருந்தே. தூக்கத்தில் யாரையோ அடிப்பதுபோலக் கையை வீசி, கத்தி, பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பிய இரவுகளும் உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் நோயின் பிறந்த தேதி சில வருடம் பின்னால் போகிறது.

எவ்வளவு தூரம்தான் பின்னால் போகலாம்? ஐம்பது வயது வரையா, இருபது வரையா, தொட்டில் வரையா? கருவறை வரை போகலாம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். சிறு வயதில் உடம்பில் சேர்ந்த நஞ்சு, முதுமையில் வரும் இந்த நோய்க்கு வழி போட்டிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். அது எங்கே உறுதியாக நிற்கிறது, எங்கே இன்னும் கால் ஊன்றவில்லை என்று பார்க்கலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எலிகளில் இதற்கான சான்று வலுவானது, மனிதர்களில் மெலிந்தது. அறுபது வருடம் காத்திருந்து எண்ணிப் பார்த்தவர் யாரும் இல்லாததே அந்த மெலிவுக்குப் பெரிய காரணம்.

கையிருப்பு

நடுமூளையில் கரிய நிறத்தில் இரண்டு சிறு பட்டைகள் உண்டு. சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று பெயர். லத்தீனில் ‘கரும்பொருள்’ என்றுதான் அர்த்தம். நாம் அசைய உதவும் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பு செல்கள் இங்கே இரண்டு பக்கமும் சேர்த்து நாலைந்து லட்சம் இருக்கும். மூளையில் மொத்தம் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் என்பதை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் இவை பார்க்கும் வேலை அதிகம். ஒவ்வொரு செல்லும் கிளைகிளையாகப் பிரிந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இணைப்பு வைத்திருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். யாரும் தூண்டாவிட்டாலும் தானாகவே துடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் கால்சியம் உள்ளே வரும், அதை வெளியே தள்ள ஆற்றல் செலவாகும். அதனால் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஓய்வே கிடையாது. போதாக்குறைக்கு, டோபமைன் தனக்குரிய நுண்பைகளில் அடைபடாமல் செல்லுக்குள் சிதறிக் கிடந்தால் ஆக்சிஜனேற்றம் அடைந்து அதுவே நஞ்சாகும். மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்கும் எந்த ரசாயனத்துக்கும் முதலில் பலியாகக்கூடிய செல் எது என்று தேடினால் இதைத்தான் கை காட்ட வேண்டியிருக்கும்.

கரு உருவான இரண்டாம் மாதத்திலேயே இந்தச் செல்கள் பிறக்க ஆரம்பித்துவிடுகின்றன. பிறகு போனது போனதுதான், ஈடாகப் புதிது முளைப்பதில்லை. எல்லோருக்கும் வயதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மீதி இருப்பவை கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டுவதால் ரொம்ப நாள் வெளியே தெரியாது. நடுக்கமும் விறைப்பும் மந்தமும் கண்ணில் படும்போது ஏறக்குறைய பாதி செல்கள் போயிருக்கும்.

இந்த ஏற்பாட்டை ஒரு கையிருப்பாக நினைத்துப் பார்த்தால், அது ஆபத்தான அளவுக்கு இறங்க மூன்று வழிகள் உண்டு. பிறக்கும்போதே குறைவான இருப்போடு பிறக்கலாம். நடுவில் ஒரே அடியில் பெரும்பகுதி போகலாம். அல்லது கசிவு மற்றவர்களைவிட வேகமாக இருக்கலாம். 1986-ல் டொனால்ட் கால்ன் என்ற நரம்பியல் மருத்துவரும் மூன்று சக ஆய்வாளர்களும் லான்செட் இதழில் ஏறக்குறைய இப்படித்தான் எழுதினார்கள்: எப்போதோ சுற்றுச்சூழலிலிருந்து பட்ட ஒரு சேதம் வெளியே தெரியாமல் கிடக்கிறது, முதுமையின் இயல்பான தேய்மானம் அதோடு சேரும்போது நோயாக வெடிக்கிறது. பார்க்கின்சன் மட்டுமல்ல, அல்சைமர் நோய்க்கும் இயக்க நரம்பு நோய்க்கும் இது பொருந்தலாம் என்றார்கள். அன்று அது வெறும் ஊகம். ஆனால் அந்த ஊகத்துக்குத் துணிச்சல் கொடுத்த சம்பவம் நாலு வருடத்துக்கு முன் நடந்திருந்தது.

ஒரு கள்ளச் சரக்கும் அதன் பாடமும்

1982-ல் கலிபோர்னியாவின் சான் ஹோசே பகுதியில் இளவயதுக்காரர்கள் சிலர் சிலைபோல உறைந்த நிலையில் மருத்துவமனைக்கு வந்தார்கள். பேச முடியவில்லை, அசைய முடியவில்லை. முற்றிய பார்க்கின்சன் நோயாளியைப் போலவே இருந்தார்கள், ஆனால் ஒரு சில நாட்களில் அந்த நிலைக்கு வந்திருந்தார்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் துப்புத் துலக்கினார். எல்லோரும் ஹெராயினுக்குப் பதிலாகக் கள்ளத்தனமாகத் தயாரித்த ஒரே போதைப்பொருளை ஊசி போட்டிருந்தார்கள். தயாரிப்பில் நடந்த தவறால் எம்.பி.டி.பி. என்ற கலப்படம் அதில் சேர்ந்திருந்தது. 1983-ல் இது சயின்ஸ் இதழில் வெளியானது.

அந்தப் பொருள் வேலை செய்யும் விதம் கிட்டத்தட்டத் திருட்டுச் சாவி போட்டுத் திறப்பதுபோல. எம்.பி.டி.பி. நேரடியாக நஞ்சல்ல. மூளைக்குள் நுழைந்ததும் அங்குள்ள ஒரு நொதி அதை எம்.பி.பி. பிளஸ் என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. சிந்திய டோபமைனைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள நரம்பு செல்லில் ஒரு வாசல் இருக்கிறது. இந்தப் புதுப் பொருளையும் டோபமைன் என்று நினைத்து அந்த வாசல் உள்ளே விடுகிறது. உள்ளே போனது நேராக மைட்டோகாண்ட்ரியாவின் முதல் கட்ட இயந்திரத்தை நிறுத்துகிறது. செல் சாகிறது. மற்ற செல்களில் அந்த வாசல் இல்லாததால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன.

வேதியியல் தெரிந்தவர்கள் அப்போதே ஒன்றைக் கவனித்தார்கள். எம்.பி.பி. பிளஸின் உருவம் பாராகுவாட் என்ற களைக்கொல்லியை ஒத்திருந்தது. எம்.பி.பி. பிளஸையே சைபர்குவாட் என்ற பெயரில் களைக்கொல்லியாகச் சோதித்துப் பார்த்ததும் உண்டு. ரோட்டினோன் என்ற தாவரப் பூச்சிக்கொல்லியும் மைட்டோகாண்ட்ரியாவின் அதே இடத்தைத்தான் அடைக்கிறது. 2000-ல் டிமோதி கிரீனமையர் குழு எலிகளுக்கு ரோட்டினோனைத் தொடர்ந்து சிறிது சிறிதாகச் செலுத்தியபோது டோபமைன் செல்கள் செத்தன. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் காணப்படும் ஆல்ஃபா சைனூக்ளின் புரதக் கட்டிகளைப் போன்றவையும் உருவாயின. 2011-ல் அமெரிக்காவில் பூச்சிமருந்து தெளிப்பவர்களிடையே நடந்த ஓர் ஆய்வில், பாராகுவாட் அல்லது ரோட்டினோன் பயன்படுத்தியவர்களுக்கு இந்த நோய் சுமார் இரண்டரை மடங்கு அதிகம் என்று தெரிந்தது.

நம் கேள்விக்கு இதையெல்லாம்விட முக்கியம், பிற்பாடு 1999-ல் லாங்ஸ்டன் குழு வெளியிட்ட பிரேதப் பரிசோதனை. அந்த ஊசி போட்டு 3 முதல் 16 ஆண்டுகள் கழித்து இறந்த மூன்று பேரின் மூளையில், செல்கள் இன்னும் அழிந்துகொண்டே இருந்ததற்கான தடயம் கிடைத்தது. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா இறந்துகொண்டிருந்த நரம்பு செல்களைச் சூழ்ந்து நின்றன. நஞ்சு உடம்பை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகியும் சேதம் நிற்கவில்லை. ஒருமுறை பட்ட அடி தானாகவே தொடரும் என்றால், அந்த அடி எந்த வயதில் பட்டது என்ற கேள்வி திடீரெனக் கனமாகிவிடுகிறது.

குட்டிப் பருவத்தில் கொடுத்தால்

இங்கிருந்துதான் விஷயம் சுவாரசியமாகிறது. நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டெபோரா கோரி-ஸ்லெக்டா தலைமையிலான குழு ஒரு சோதனை செய்தது. பிறந்து 5 முதல் 19 நாட்கள் ஆன சுண்டெலிக்குட்டிகளுக்குப் பாராகுவாட்டும் மானெப் என்ற பூஞ்சைக்கொல்லியும் கொடுத்தார்கள். இரண்டையும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பல இடங்களில் ஒரே நிலத்தில் இரண்டும் தெளிக்கப்பட்டுவந்தன. எலிகள் வளர்ந்த பிறகு அதே மருந்துகள் மறுபடி கொடுக்கப்பட்டன. குட்டியிலும் பட்டு, பெரிதாகியும் பட்டவற்றுக்கே இழப்பு மிக அதிகம். பெரிதான பிறகு மட்டும் பட்டவற்றுக்கு அவ்வளவு இல்லை. குட்டியில் ஏதாவது ஒரே மருந்து மட்டும் பட்ட எலிகளில் பெரிதாக மாற்றம் எதுவும் தெரியவில்லை. அவற்றை அப்படியே விட்டிருந்தால் ‘பாதிப்பில்லை’ என்று எழுதி முடித்திருப்பார்கள். வளர்ந்த பிறகு மறுபடி கொடுத்தபோதுதான் உள்ளே இருந்த ஓட்டை தெரிந்தது. ‘மௌன நச்சு’ என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுவது இதைத்தான்.

ஓட்டை என்றால் என்ன ஓட்டை? அதற்கு 2006-ல் வெளியான டீல்ட்ரின் சோதனை ஒரு பதில் வைத்திருக்கிறது. டீல்ட்ரின் பழைய பூச்சிக்கொல்லி, பல நாடுகளில் எப்போதோ தடை செய்யப்பட்டது. ஆனால் கொழுப்பில் கரைந்து மண்ணிலும் உடம்பிலும் பல காலம் தங்கிவிடும். தாயின் கொழுப்பிலிருந்து கருவுக்கும், அப்புறம் பாலிலும் போகும். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் தாய் எலிக்குக் குறைந்த அளவில் இதைக் கொடுத்தார்கள். குட்டிகள் எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்தன, டோபமைன் செல்களின் எண்ணிக்கையும் குறையவில்லை. ஆனால் மேலே சொன்ன அந்த டோபமைன் வாசல்கள் அவற்றில் அதிகமாக இருந்தன. உள்ளே வந்ததைப் பத்திரமாக அடைத்துவைக்கும் ஏற்பாடு அதே விகிதத்தில் கூடவில்லை. வளர்ந்த பிறகு எம்.பி.டி.பி. கொடுத்தபோது இவற்றுக்குச் சேதம் மற்றவற்றைவிட அதிகம். ஆண் குட்டிகளில் இது இன்னும் கடுமை. மனிதர்களிலும் பார்க்கின்சன் ஆண்களுக்குத்தான் கூடுதலாக வருகிறது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட ஆசையாக இருக்கிறது, ஆனால் அந்த முடிச்சு இறுகாது. ஆண், பெண் வித்தியாசத்துக்கு வேறு பல விளக்கங்களும் இருக்கின்றன.

ஆக, செல்கள் குறைவது ஒரு வகைச் சேதம் என்றால், எண்ணிக்கை அப்படியே இருந்து காவல் தளர்ந்துவிடுவது இன்னொரு வகை. மூன்றாவது வகை சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழக ஆய்வில் தெரிந்தது. அங்கே பூச்சிமருந்தே இல்லை. கர்ப்பிணி எலிகளுக்குச் சில பாக்டீரியாக்களின் மேலுறையில் இருக்கும் ஒரு நச்சுப்பொருளைக் கொடுத்தார்கள். பிறந்த குட்டிகளிடம் டோபமைன் செல்கள் ஆரம்பத்திலேயே குறைவாக இருந்தன, மூளையில் அழற்சியின் அடையாளங்களும் இருந்தன. தாய்க்கு வரும் தொற்றுகூடக் கையிருப்பைத் தொடலாம் என்பது இதன் பொருள்.

குட்டிப் பருவத்துக்கு மட்டும் ஏன் இந்த வலு? காரணங்கள் எளியவை. பச்சிளம் குழந்தையின் மூளையில் இணைப்புகள் கட்டப்பட்டுக்கொண்டிருக்கின்றன, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பது நிர்ணயமாகிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் மாற்றி எழுதியது ஆயுளுக்கும் அப்படியே தங்கிவிடலாம். நஞ்சை உடைக்கும் ஏற்பாடும் பிஞ்சு. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகளைச் சிதைக்கும் பாராக்சோனேஸ் என்ற நொதி பிறந்த குழந்தையிடம் பெரியவர்களைவிடப் பல மடங்கு குறைவு. உடல் எடைக்கு ஒப்பிட்டால் குழந்தை பெரியவர்களைவிட அதிகம் மூச்சிழுக்கிறது, அதிகம் சாப்பிடுகிறது, அதிகம் குடிக்கிறது. தரையில் தவழ்ந்து கையை வாயில் வைப்பது தனி.

மனிதர்களிடம் வரும்போது

மனிதர்களுக்கு நஞ்சு கொடுத்துப் பார்க்க முடியாது. அதனால் தடயம் தேடும் வேலைதான். பசிபிக்கில் இருக்கும் குவாம் தீவின் சமோரோ மக்களிடையே 1950-களில் பார்க்கின்சனும் மறதியும் கலந்த ஒரு நோயும், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் இன்னொரு நோயும் வேறெங்கும் இல்லாத அளவில் காணப்பட்டன. தீவை விட்டுப் போய்ப் பல பத்தாண்டுகள் வெளியே வாழ்ந்தவர்களுக்கும் பிற்பாடு நோய் வந்தது. அதாவது, காரணம் எதுவானாலும் இளமையிலேயே தொற்றிக்கொண்டு போயிருக்கிறது. வாழ்க்கை முறை மாறிய பிறகு பிறந்த தலைமுறைகளில் நோய் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. சைக்கஸ் என்ற மரத்தின் நச்சு விதையை ஊறவைத்து மாவாக்கிச் சாப்பிட்டதுதான் காரணம் என்ற சந்தேகம் பிரபலம், நிரூபணமாகவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூளையைப் பரிசோதித்தால் இது வழக்கமான பார்க்கின்சன் அல்ல, சேரும் புரதமே வேறு. எனவே குவாம் நமக்குத் தருவது கால இடைவெளி சாத்தியம் என்ற பாடம் மட்டுமே.

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் அலி ராஜ்புட் என்ற நரம்பியல் மருத்துவர் 1980-களில் இளம் வயதிலேயே இந்த நோய் வந்தவர்களைப் பற்றி விசாரித்தார். பெரும்பாலோர் சிறு வயதில் கிராமப்புறத்தில், கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். கேட்கவே திகிலாக இருக்கும். அப்புறம் அவரே கிணறுகளின் தண்ணீரை எடுத்து உலோகங்களைச் சோதித்துப் பார்த்தபோது நோயாளிகளின் கிணற்றுக்கும் மற்றவர்கள் கிணற்றுக்கும் வித்தியாசம் கிடைக்கவில்லை. இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடக்கும் கதை இது: தூரத்தில் நின்றால் உருவம் தெரிகிறது, கிட்டே போனால் கலைகிறது.

கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு கொஞ்சம் நம்பகமானது. அங்கே எந்த நிலத்தில் எந்த மருந்து தெளிக்கப்பட்டது என்ற அரசுப் பதிவு 1974 முதலே கிடைக்கிறது. பியாட்டே ரிட்ஸ் குழு அதை நோயாளிகளின் பழைய வீட்டு முகவரியோடு பொருத்தியது. யாருடைய ஞாபகத்தையும் நம்ப வேண்டியதில்லை. வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் மானெப்பும் பாராகுவாட்டும் சேர்த்துத் தெளிக்கப்பட்டிருந்தால் ஆபத்து 75 சதவீதம் கூடுதல். அறுபது வயதுக்குள் நோய் கண்டவர்களை மட்டும் தனியே எடுத்தால், முந்தைய காலத் தெளிப்போடு தொடர்பு இன்னும் பல மடங்கு வலுவாகத் தெரிந்தது. இளமையில் பட்டால் அதிகம் என்பதற்கு இது ஒரு சாடை. எண்ணிக்கை சிறியது என்பதால் சாடை என்கிறேன்.

அடுத்தது வட கரோலினாவில் இருக்கும் லெஜூன் கடற்படை முகாம். 1953 முதல் 1987 வரை அங்கே குடிநீரில் கரைப்பான்கள் கலந்திருந்தன. முக்கியமானது டிரைகுளோரோஎத்திலீன். உலோகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கவும், துணிகளை உலர்சலவை செய்யவும், ஒரு காலத்தில் காபியிலிருந்து காஃபீனை எடுக்கவும்கூடப் பயன்பட்ட திரவம். பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டி அங்கே போய், இரண்டு வருடம் போல இருந்து திரும்பியவர்கள். 1975 முதல் 1985 வரை அங்கிருந்த வீரர்களை, சுத்தமான தண்ணீர் இருந்த கலிபோர்னியாவின் பெண்டில்டன் முகாமில் இருந்தவர்களோடு ஒப்பிட்டு 2023-ல் சாமுவேல் கோல்ட்மன் குழு முடிவை வெளியிட்டது. லெஜூனில் இருந்தவர்களுக்குப் பார்க்கின்சன் ஆபத்து 70 சதவீதம் அதிகம்.

70 சதவீதம் என்று கேட்டதும் பதறத் தேவையில்லை. ஒரு முகாமில் 0.33 சதவீதம் பேருக்கு நோய், மறு முகாமில் 0.21 சதவீதம். ஆயிரம் பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்கும் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம். அதே சமயம், ஆய்வு நடந்தபோது அவர்களில் பெரும்பாலோர் நோய் மிகுதியாக வரும் வயதை இன்னும் தொடவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த முகாமில் குடும்பங்களும் இருந்தன, கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அதே தண்ணீரைத்தான் குடித்தார்கள். இந்த ஆய்வு வீரர்களை மட்டுமே எண்ணியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்தத் திரவத்துக்குத் தடை அறிவித்தது 2024 டிசம்பரில்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு தகவலையும் வைக்கிறேன். கருவில் சரியாக வளராததால் எடை குறைந்து பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் அதிகம் என்று டேவிட் பார்க்கர் இங்கிலாந்தில் காட்டியது பிரசித்தம். அதே வழியில் அமெரிக்கச் செவிலியர்களின் பெரிய ஆய்வுத் தொகுப்பில் பார்க்கின்சனுக்கும் பிறப்பு எடைக்கும் தொடர்பு உண்டா என்று தேடினார்கள். சொல்லும்படியான தொடர்பு எதுவும் இல்லை. கருவறைக் காலம் முக்கியம் என்பதற்காக அங்கே நடந்த எல்லாமே முக்கியம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மரபணு எங்கே போயிற்று என்று கேட்பவர்களுக்கு: 1999-ல் கேரோலின் டானர் குழு இரண்டாம் உலகப் போர்க் கால வீரர்களில் இரட்டையர்களாகப் பிறந்தவர்களை ஆராய்ந்தது. ஐம்பது வயதுக்குள் நோய் வந்தால் ஒரே கரு இரட்டையர் இருவருக்கும் வருவது மிக அதிகம், அங்கே மரபணுவின் கை ஓங்கியிருக்கிறது. ஐம்பதுக்கு மேல் வந்தால் ஒரே கரு இரட்டையருக்கும் இரு கரு இரட்டையருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இந்த ஆய்விலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இரட்டையர்கள் ஒரே கருவறையையும் ஒரே வீட்டையும் பகிர்ந்துகொண்டவர்கள். ஆரம்பக் கால நஞ்சு இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே பட்டிருக்கும், அதனால் அது இந்த ஒப்பீட்டில் சிக்கவே சிக்காது.

பரிசோதனை முடியும் வயது

புதிய பூச்சிக்கொல்லிக்கு அனுமதி கேட்கும்போது வளரும் மூளைக்கான நச்சுச் சோதனைகளும் நடப்பதுண்டு. எலிக்குட்டி பிறந்து ஏறக்குறைய இரண்டு மாதம், அதாவது இளம் பருவம் வரை பார்ப்பார்கள். கிழ எலியாகும்வரை வைத்துப் பார்ப்பதோ, பெரிதான பிறகு இன்னொரு நஞ்சைக் கொடுத்து ஓட்டை இருக்கிறதா என்று சோதிப்பதோ வழக்கமில்லை. டோபமைன் செல்களை எண்ணுவதும் கட்டாயமில்லை. ராசெஸ்டர் எலிகளை நினைத்துக்கொண்டால் இதன் அர்த்தம் புரியும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2017-ல் ஓர் அறிக்கையில் இதைப் பேசியது. ரோட்டினோனும் பாராகுவாட்டும் போன்றவை பார்க்கின்சனுக்குக் காரணமாவது உயிரியல்ரீதியாகப் பொருந்திவருகிறது என்றும், நடைமுறையிலுள்ள சோதனைகள் அந்தச் சேதத்தைப் பிடிக்கும் அளவுக்கு நுட்பமானவை அல்ல என்றும் சொன்னது. அதே அறிக்கை பூச்சிக்கொல்லிகளோடு தொடர்புபடுத்திப் பார்த்த மற்ற நோய், குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்.

ஞாபகத்தை நம்பாத அளவுகோல்களும் மெல்ல வந்துகொண்டிருக்கின்றன. ஈயம் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும், அதைக் காலெலும்பில் அளந்து பார்த்த ஆய்வுகள் பார்க்கின்சனோடு தொடர்பு கண்டிருக்கின்றன. பால் பற்கள் இன்னும் சாமர்த்தியமான சாட்சி. மர வளையம்போல அடுக்கடுக்காக வளர்வதால், கருவில் இருந்த மாதங்களில் எந்த உலோகம் எவ்வளவு வந்தது, பிறந்த பிறகு எவ்வளவு என்று தனித்தனியே படிக்க முடிகிறது. விழுந்த பல்லை எடுத்துவைத்த பெற்றோர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று குதிகால் ரத்தம். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, சில பிறவிக் கோளாறுகளைக் கண்டுபிடிக்க ஒரு காகித அட்டையில் எடுக்கும் சொட்டுகள். சோதனை முடிந்ததும் பல நாடுகளில் அட்டையைக் கழித்துவிடுவார்கள். ஆனால் டென்மார்க் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளின் அட்டைகளையும் உறைநிலையில் சேமித்துவருகிறது. அந்தச் சொட்டில் பூச்சிக்கொல்லியின் மிச்சத்தைத் தேடி, தேசிய மருத்துவப் பதிவேட்டில் அதே ஆளுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கலாம். கருவறைக்கும் நடுங்கும் கைக்கும் இடையில் யாருடைய ஞாபகமும் குறுக்கே வராத ஒப்பீடு அது. அங்கே சேமிப்பு முறையாகத் தொடங்கியது 1982-ஐ ஒட்டி, சான் ஹோசேயில் அந்த இளைஞர்கள் உறைந்துபோன அதே வருடம். அப்போது பிறந்த குழந்தைகளுக்கு அறுபது வயதாக 2042 வரவேண்டும்.